நாலாவது பக்கம்

"உங்களுக்கு அப்ளிகேஷன் தர்றதா இல்லை" என்றாள் பெட்டினா.

டார்லாவுக்குச் சுரீரென்றது. பதினொரு வருஷம் முதியோர் இல்லத்தில் கிழவர்களைப் புரட்டிப் படுக்கவைத்து, இனி நர்ஸ் ஆகியே தீருவதென்று முடிவு செய்து, அடுத்த மாநிலத்திலிருந்து ஐந்து மணி நேரம் காரோட்டி வந்திருக்கிறாள். வீட்டிலிருந்தே படிக்கலாம் என்றுதான் இந்தக் கல்லூரியின் விளம்பரமே. ஆலோசகர் நாற்காலியில் நர்ஸ் உடுப்போடு உட்கார்ந்திருப்பவள் இப்படிச் சொல்கிறாள்!

"மார்க் பத்தலையா?"

"நிறையவே இருக்கு."

"வயசா? முப்பத்தெட்டுதான்."

"உங்க ஊர் காலேஜ்ல சேருங்க."

"அங்க ரெண்டு வருஷம் காத்திருக்கணும்."

"காத்திருங்க."

டார்லா விடுகிற ரகமில்லை. நேரே இயக்குநர் ஹோல்கம் அறைக்குப் போய்ப் பொரிந்து தள்ளினாள். அவர் வாயெல்லாம் பல்லாக டோனட் பெட்டியை நீட்டினார். பெட்டினா எப்போதுமே சிடுமூஞ்சி, இந்த மாதம் இது மூன்றாவது புகார் என்று மன்னிப்பும் கேட்டார். அப்ளிகேஷனை அவரே எடுத்துக் கொடுத்தார்.

"நாலாவது பக்கத்துல ஒரு கையெழுத்து. சும்மா சம்பிரதாயம்தான்."

சீட்டைப் படிக்காமல் நோயாளிக்குச் சாப்பாட்டுத் தட்டைக்கூட நீட்டாதவள் டார்லா. படித்தாள்.

'இந்தப் பட்டத்தை வைத்து என் மாநிலத்தில் நர்ஸ் லைசென்ஸ் வாங்க முடியாது என்று அறிவேன். படிப்பு முடிந்ததும் வேறு மாநிலத்துக்குக் குடிபோவேன்.'

கணவனின் ஒர்க்‌ஷாப், மகளின் பள்ளிக்கூடம், சொந்த வீடு, எல்லாம் அங்கே. பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்தாள்.

"இதை நீங்களே சொல்லியிருக்கலாமே?" என்றாள் பெட்டினாவிடம்.

"முன்னெல்லாம் சொன்னேன். அப்புறம் பாத்துக்கலாம்னு சிரிச்சிட்டே கையெழுத்துப் போட்டாங்க. கோவமா உள்ள போறவங்கதான் ஒரு வரி விடாம படிக்கிறாங்க."

"சரி, அந்த ரெண்டு வருஷ வரிசையிலயே நின்னு நர்ஸ் ஆயிடறேன். ஆனா யாரோ எப்படியோ போறாங்கன்னு விடாம, உங்களுக்கு எதுக்கு இத்தனை கெட்ட பேரு?"

மேஜைமேல் இருந்த படத்தை பெட்டினா அவள் பக்கம் திருப்பினாள். தூண்டிலோடு இரண்டு பையன்கள்.

"நான் கையெழுத்துப் போட்டேன். சொன்னபடி குடியும் வந்துட்டேன். இவங்க உங்க மாநிலத்துலதான் இருக்காங்க, அவங்க அப்பாவோட."