சத்தம் அனுப்பும் அம்மா

பெற்ற அம்மாவையே இரும்பு வாணலியைத் தூக்கித் தரையில் போடச் சொல்லி, அந்தச் சத்தத்தைப் போனில் பிடித்துக்கொள்கிற பிள்ளையை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

அக்காவுக்கு அப்படி ஒரு தம்பி வாய்த்திருந்தான்.

தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு அக்கா, அம்மா வீட்டுக்குள் நுழைந்தபோது, அம்மா கால் கட்டைவிரலில் துணியைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

“என்னம்மா இது?”

“ஒண்ணுமில்லடி. நேத்து சாயங்காலம் தம்பி போன் பண்ணினான். வாணலியை இடுப்பு உயரத்துலேருந்து போடச் சொன்னான். போட்டேன். அது உருண்டு வந்து என் கால்மேலயே ஏறிடுச்சு.”

“அவன் சொன்னா நீ போட்டுடுவியா?”

“ரெண்டாவது தடவை போட்டதுதான் கணீர்னு வந்துச்சாம்” என்றாள் அம்மா, பரிசு வாங்கியவள் மாதிரி.

தம்பிக்கு வேறொரு ஊரில் குடோன் வேலை. வேலை விட்டு அறைக்கு வந்தால் கம்ப்யூட்டரில் சொந்தமாகப் பாட்டு உருவாக்கப் பழகுகிறான். வாத்தியம் எதுவும் கிடையாது. கதவு, தட்டு, சங்கிலி என்று கண்ட சத்தத்தையும் பிடித்து, வெட்டி, ஒட்டித் தாளமாக்குவதாம். அந்தச் சத்தத்துக்குத்தான் தினமும் அம்மாவுக்குப் போன்.

ஒருநாள் பீரோ கதவு. ஒருநாள் தையல் மெஷின். இன்னொரு நாள் குழாயிலிருந்து வாளியில் சொட்டுகிற தண்ணீர். அன்றைக்கு அம்மா ஃபேனை நிறுத்திவிட்டு, மூச்சையும் பிடித்துக்கொண்டு, போனை நீட்டியபடி வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாளாம்.

“நல்லா இருக்கியா, சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேக்குறானா அவன்?”

அம்மா யோசித்தாள். “அதெல்லாம் எதுக்குடி? அவனுக்கே ஆயிரம் வேலை.”

அக்காவுக்குச் சுருக்கென்றது. அப்பா போன பிறகு அம்மா இந்த வீட்டில் தனிக்கட்டை. டிவியை ஓடவிட்டு, அதைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்டவளை வேலை வாங்க இவனுக்கு எப்படி மனசு வந்தது?

செருப்பைக்கூட மாட்டாமல் மாடிப்படிக்கு வந்து தம்பிக்குப் போனைப் போட்டாள்.

“என்னக்கா, வேலை நேரத்துல?”

“வேலை நேரமா? நீயெல்லாம் ஒரு மனுஷனாடா? அம்மாவுக்கு நகம் பேந்துபோய்க் கிடக்கு. உன் வாணலி பண்ணின வேலை.”

“எங்கிட்ட சொல்லவே இல்லையே. இன்னொரு தடவை போடட்டுமான்னுதானே அம்மா கேட்டுச்சு. ரொம்பப் பட்டிருக்கா? டாக்டர்கிட்ட…”

“அதை நான் பார்த்துக்கிறேன். நீ முதல்ல பதில் சொல்லு. இந்தச் சத்தமெல்லாம் நெட்டுல சும்மாவே கொட்டிக் கிடக்காம், உங்க மாமா சொன்னாரு. அதை எடுத்துக்கிட்டா உன் கை தேய்ஞ்சிடுமா?”

“எடுத்து வெச்சிருக்கேன்க்கா. ஆரம்பத்துலயே மூட்டை மூட்டையா இறக்கிட்டேன். கதவுச் சத்தம் மட்டுமே ஒரு தெருவுக்குக் காணும்.”

“அப்புறம் எதுக்குடா அம்மா உயிரை வாங்குற? அதைவிட இது நல்லா இருக்கா?”

“எங்க நல்லா இருக்கு? போன் வழியா வர்ற சத்தம், தகர டப்பாவுல போட்டுக் குலுக்கின மாதிரி இருக்கும். பாட்டுல ஒண்ணுக்கும் ஆகாது. இதுவரைக்கும் அம்மா அனுப்பினதுல ஒண்ணைக்கூட நான் சேர்க்கலை.”

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“முதல் தடவை நிஜமாவே தேவைப்பட்டுத்தான் கேட்டேன்” என்றான் தம்பி. “சொந்தமாப் பிடிச்ச சத்தம் இருந்தாதான் பாட்டு தனியாத் தெரியும்னாங்க. நம்ம சமையலறை ஜன்னல் கிறீச்சுங்குமே, அதைக் கேட்டேன். அம்மா ஜன்னலை ஆட்டிட்டு, அது எப்ப வளைஞ்சுது, அப்பா எதால தட்டித் தட்டி நிமித்தினாருன்னு ஆரம்பிச்சுது பாரு, என் தட்டுல சோறு காய்ஞ்சே போச்சு. அம்மா அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லைக்கா.”

“அதுக்கு, எப்படி இருக்கேன்னு கேட்டா சொல்லிட்டுப் போகுது.”

“கேட்டுப் பார்த்துட்டேனே. எப்படிம்மா இருக்கேன்னா, நல்லா இருக்கேன்ப்பா, வெச்சிடட்டுமாங்குது. நமக்குத் தொந்தரவா இருக்கோமோன்னு அதுக்கு ஒரு பயம். பீரோ கதவை ஆட்டச் சொன்னா, உள்ள இருக்கிற ஒவ்வொரு புடவைக்கும் ஒரு கதை வருது. இங்க ரூம்ல என் மூச்சைத் தவிர வேற சத்தமே கிடையாது. எனக்கும் அந்த நேரத்துலதான் சாப்பாடு இறங்குது.”

அவன் கொஞ்சம் தயங்கினான்.

“நீ போன் பண்ணினா அம்மா எவ்வளவு நேரம்க்கா பேசும்?”

மாத்திரை போட்டியா, கேஸ் வந்துச்சா, சரி வெச்சிடுறேன். அக்காவின் போன் அவ்வளவுதான். அதுவும் ஒரு கையில் கரண்டியோடு.

உள்ளே அம்மா, எதையோ எடுத்து எதன்மேலோ தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, லைன்ல இருக்கியா?”

“இருக்கேன். சொல்லு.”

“இன்னிக்குச் சாயங்காலம் என்ன கேக்குறதுன்னே தெரியலை. எனக்கு ஞாபகம் இருக்கிற சாமானெல்லாம் தீர்ந்துபோச்சு. கால்ல விழுந்தாலும் வலிக்காத மாதிரி, ஆனா கதை மட்டும் நிறைய இருக்கிற மாதிரி, வீட்ல ஏதாவது ஒண்ணு இருந்தா பார்த்துச் சொல்லேன்க்கா.”