மூன்றாவது ஆளுக்கும் சோறு

“இந்த வீட்டில் இரண்டு பேர்தான். மூன்றாவது ஆள் விருந்தாளியா?” என்று கேட்டது குக்கர்.

“இல்லை, என் பொண்ணு,” என்றாள் சுகந்தி.

பேர் பதிந்தவர்களுக்குத்தான் குக்கர் தினமும் ஆக்கும். கல்யாணமான பெண்ணின் பேரைப் பிறந்த வீட்டுக் குக்கரிலிருந்து அன்றைக்கே எடுத்துவிடுவது ஊர் வழக்கமாகிவிட்டது. மகிழினியின் பேரைப் போன வருஷம் அப்பா தியாகுதான் எடுத்தார். திரும்பச் சேர்க்கவும் அவர் குரல்தான் வேண்டும். புருஷன் வீடு வேண்டாமென்று அவள் காலையிலேயே இங்கே வரப் பஸ் ஏறிவிட்டாள்.

“விருந்தாளின்னே போடேன். சோறு ஒண்ணுதானே?” என்றார் தியாகு கூடத்திலிருந்து.

“விருந்தாளின்னா நாலாம் நாள் சோறு போடாது. தெரிஞ்சுதானே சொல்றீங்க?”

“ஊர் என்ன பேசும், சுகந்தி?”

“ஊரா வந்து நமக்கு ஆக்கிப் போடுது? அவ பேரைச் சேர்க்கிற வரைக்கும் இங்கே யாருக்கும் சோறு கிடையாது.”

களைந்த அரிசியை மூடிவைத்துவிட்டுக் குக்கர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

மணி ஒன்றாயிற்று, இரண்டாயிற்று. தியாகு மூன்று தரம் சமையலறையை எட்டிப் பார்த்தார். அவள் அசையவில்லை.

வாசல் மணி அடித்தது. அவர்தான் கதவைத் திறந்தார். பெட்டியோடு நின்ற மகிழினி செருப்பைக் கழற்றவில்லை.

“அப்பா, உள்ளே வரலாமா?”

அவர் பெட்டியை வாங்கிக்கொண்டு நேரே சமையலறைக்குப் போனார்.

“மகிழினி. என் மக. பேரைச் சேர்.”

“எத்தனை நாளைக்கு?” என்றது குக்கர்.

“அதெல்லாம் உனக்கெதுக்கு? முதல்ல சோத்தை ஆக்கு. புள்ளை பசியோட நிக்குது.”