இடுப்புச் சாவி

"டாக்டர் சரின்னுட்டாருங்க!"

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நவமணி போட்ட சத்தத்தில், மோட்டார் சைக்கிளில் சாய்ந்திருந்த சீனி திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"மெதுவா சொல்லுலா. எதுக்குச் சரின்னாரு?"

"பிள்ளை பெத்துக்கிறதுக்கு! ரெண்டு மாத்திரைய ஒண்ணாக்கினப்புறமும் ஒரு வருசமா வலிப்பு வரலையில்ல? இனி பாக்கலாமாம். ஆனா மாத்திரைய மட்டும் நீயா நிறுத்தக் கூடாதுன்னாரு."

சீனிக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்க்கடையில், துருவிய ஐஸில் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் இரண்டு கிண்ணம் சொன்னான். அது வருவதற்குள் இன்னொன்றும் சொன்னான், பிறக்கப்போகிற பிள்ளைக்காம்!

போன வருசம் பக்கத்து வீட்டு ஹில்டா அக்கா, "கண்ட மாத்திரையும் வயித்துப் பிள்ளைக்கு ஆகாது" என்று யாரையோ பற்றிச் சொல்லப்போக, தன் மாத்திரைகளை அள்ளிக் குப்பையில் கொட்டப் போனவள் நவமணி. சீனிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரிடம் வந்தான். வந்தது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று!

"இன்னொண்ணும் சொன்னாருங்க." நவமணியின் குரல் இறங்கியது. "மசக்கையில வாந்தி வந்தா மாத்திரை தங்காதாம். கூட இருந்து பாத்துக்க வீட்டுல ஒருத்தருக்குச் சொல்லியே ஆகணுமாம்."

சீனியின் கரண்டி பாதியில் நின்றது. பகலெல்லாம் அவன் ஜெலாப்பாங் தொழிற்சாலையில். வீட்டில் இருப்பது அவன் அம்மா காளியம்மா மட்டும்தான்.

கல்யாணத்துக்கு முன்பே நவமணி அவனிடம் எல்லாம் சொல்லிவிட்டாள். அம்மாவிடம்தான் இருவரும் மூச்சு விடவில்லை. மாத்திரை அரிசிப் பானைக்குள் ஒளிந்திருந்தது. வெளியிடத்தில் அவள் வலிப்பு வந்து விழுந்தது ஒரே தடவை, கல்யாணத்துக்கு முன், பாகான் செராய் கோயில் திருவிழாக் கூட்டத்தில். நல்லவேளை, தெரிந்தவர்கள் யாரும் பார்க்கவில்லை.

காளியம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவி, ஒற்றை ஆளாய் மகனை வளர்த்தவள். கோபம் வந்தால் ஊர் தாங்காது. ஆனால் மருமகள் வந்த மறுநாளே வீட்டுச் சாவிக்கொத்தை அவள் இடுப்பில் செருகி, "இறக்கி வைக்காத" என்றாள். எந்த மாமியார் இப்படிக் கொடுப்பாள் என்று தெருவே வாயைப் பிளந்தது.

"சொன்னா என்னை எங்கம்மா வீட்டுக்கு அனுப்பிருவாங்களா?"

"என்னையும் சேத்துத்தான் அனுப்பும். ஏறு, போலாம்."

வீட்டில் காளியம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நவமணி அவள் முன்னால் உட்கார்ந்து, பிள்ளை, மாத்திரை, வலிப்பு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். பிறகு சாவிக்கொத்தை உருவி நீட்டினாள்.

"உங்கள ஏமாத்திட்டேன், அத்தை. இந்த மரியாதைக்கு நான் லாயக்கில்ல."

"எடுத்துச் செருகுடி மொதல்ல!" காளியம்மா கத்தினாள். "மரியாதைக்கா குடுத்தேன்? திடீர்னு இழுத்துச்சுன்னா கையில பிடிக்க இரும்பு வேணுமேன்னு குடுத்தேன்!"

சீனி அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "சாவிக்கெல்லாம் வலிப்பு நிக்காதும்மா."

"நிக்காட்டிப் போகுது. இனி மாத்திரைய நானே எடுத்துக் குடுக்கிறேன், சாவியும் இருக்கட்டும். தினம் அரிசி அளக்கிறவளுக்குப் பானைக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாதா?"

"அப்ப… பானையப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டீங்களா, அத்தை?"

காளியம்மா சிரித்தாள்.

"பாகான் செராய் திருவிழாவுல நீ விழுந்தப்ப, இதே சாவிய உன் கையில திணிச்சதே நான்தான்டி. கண்ணு முழிச்சதும் என் முகம்கூடச் சரியாத் தெரியாத மயக்கத்துல, இப்ப மாதிரியேதான், 'உங்க சாவி'ன்னு நீட்டுன. மறுவாரமே பொண்ணு கேட்டு வந்துட்டேன்."