நாற்பத்திரண்டாம் டப்பா

"எங்கம்மாவுக்கு நீங்க குடுக்கறது மருந்தா, மாவா? அதை மட்டும் சொல்லுங்க."

கேட்டுவிட்டாள்.

கேட்கவே கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். தாளில் அச்சடித்தும் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளை அம்மாவுக்கும் பக்கத்து வீட்டு இருளாயி அத்தைக்கும் வாசித்துக் காட்டியதே அவள்தான். தெருவில் முதல் டிகிரி.

பாதிப் பேருக்கு மருந்து. செத்த கிருமியின் தூள். அது உள்ளே போனால் உடம்பு விழித்துக்கொள்ளும், மழைக்காலத்துச் சளி நெஞ்சில் இறங்காது. நிஜமாகவே இறங்காதா என்று பார்க்கத்தான் இந்த ஆராய்ச்சி. மீதிப் பேருக்கு அதே நிறத்து மாத்திரைக்குள் வெறும் மாவு.

இரண்டு கிழவிகளும் கைநாட்டு வைத்தார்கள்.

டாக்டர் பேனாவை மூடினார்.

"எனக்கே தெரியாதும்மா."

"தெரிஞ்சவங்களைக் கூப்பிடுங்க."

"இந்தக் கட்டடத்துல யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது."

முப்பது வருஷம் ஒரே ரைஸ்மில். நெல் அவிக்கிற ஒரே அடுப்பு. ஒரே உமிப் புகை. இரண்டு பேருக்கும் ஒரே நெஞ்சு என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

இந்த மழைக்கு அம்மா மூன்று தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூன்றாம் தடவை உதடு நீலமாகிவிட்டது.

இருளாயி ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

அதையும் பொறுத்துக்கொண்டாள். போன வாரத்துக் காதுகுத்துதான் பொறுக்கவில்லை.

அந்தத் தெருவில் குலவை என்றால் அம்மா. பட்டம் வாங்கிக்கொண்டு இவள் வந்து இறங்கிய அன்று அம்மா போட்ட குலவையில், டிரைவர் பஸ்ஸை எடுக்காமல் எட்டிப் பார்த்தார்.

காதுகுத்தில் அதே அம்மா வாயருகே கையை வைத்தாள். நாக்கு ஆடியது. காற்று வரவில்லை. இருமல்தான் வந்தது.

விட்ட இடத்திலிருந்து இருளாயி எடுத்தாள்.

நீளமாக. நிறுத்தவே இல்லை.

எல்லாரும் கை தட்டினார்கள். அம்மாவும் தட்டினாள்.

இவள் பந்தியில் உட்காராமல் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அந்தம்மா நல்லா இருக்காங்கங்கறதுக்காக அது மருந்துன்னு அர்த்தமில்ல," டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். "அவங்களுக்குப் போறது மாவா இருக்கலாம். உங்கம்மாவுக்குப் போறது மருந்தா இருக்கலாம். அது இல்லேன்னா இதைவிட மோசமா ஆகியிருப்பாங்களோ என்னவோ."

இவர் அந்தக் குலவையைக் கேட்டதில்லை.

நர்ஸ் இந்த மாதத்து டப்பாக்களை மேஜைமேல் வைத்தாள். பத்துப் பத்து மாத்திரை. அதே வெள்ளை, அதே மூடி. எண் மட்டும் வேறு.

நாற்பத்தொன்று அம்மா. நாற்பத்திரண்டு இருளாயி.

"ரெண்டையும் நீயே பாத்துக் குடுத்துரு. அவங்களுக்கு நம்பர் படிக்கத் தெரியாது. மாத்திச் சாப்பிட்டுருவாங்க."

எப்போதும் அப்படித்தான். வாங்குவதும் அவள். மாதம் முடிந்ததும் காலி டப்பாக்களைத் திருப்பிக் கொண்டுவருவதும் அவள்.

கையெழுத்துப் போட்டாள். அழுத்தியதில் தாள் கிழிந்தது.

வெளியே பெஞ்சில் அம்மா குனிந்து உட்கார்ந்திருந்தாள். இருளாயி ஒரு கையில் அம்மாவின் டீயைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவள் முதுகை நீவிக்கொண்டிருந்தாள்.

நீவட்டும். மூச்சு இருக்கிறவள் நீவட்டும்.

"என்ன தாயி, உன் சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு. டாக்டரு அழுதுட்டாரா?"

அம்மா சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

இருளாயி டீயைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"எது என்னுது?"

யோசிக்க வேண்டியதையெல்லாம் உள்ளேயே யோசித்தாயிற்று.

"இந்தாங்கத்தை."

இருளாயி அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். முந்தானையில் வைத்து முடிந்தாள்.

"படிச்ச புள்ள கை. தப்பாது."

நாற்பத்திரண்டை அவள் அம்மாவின் பைக்குள், துண்டுக்கு அடியில் வைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

பின்னால் இருளாயியின் குரல் வந்தது.

"மெதுவாப் போடி. உங்கம்மாளுக்கு மூச்சு வாங்குதுல்ல."

அவள் வேகத்தைக் குறைக்கவில்லை.