கண்ணாடி ஏற்றிய வண்டி

காரில் ஏசிக் காற்று வரும் துவாரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

விசிறி நாலாம் எண்ணில் கத்திக்கொண்டிருந்தது. சத்தம்தான் பெரிசு. காற்று பேருக்கு வந்தது.

பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு அவன் அதற்குப் பின்னால் நின்றான். முன் சீட்டில் இருந்தவளுக்குப் புருசன் முகம் தெரியவில்லை. அடியில் இருந்த இடுக்கு வழியாக இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன.

“ஏசி கொழாய் சில்லுனுதான் இருக்கு. கேஸ் போகல,” என்றான்.

போன வாரம் ஆசுபத்திரியிலிருந்து திரும்பும்போது இதே சீட்டில்தான் அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பாளையங்கோட்டை வெயில், அதுவும் கத்திரி. அவளுக்கு ஒன்பதாம் மாதம். இதற்கு முன்னால் இரண்டு தங்காமல் போயிருந்தன. இன்று மூன்று மணிக்கு டாக்டரம்மா வரச் சொல்லியிருக்கிறார். ஏசி இல்லாமல் பிள்ளைத்தாச்சியைப் படி இறக்கமாட்டேன் என்று, கூட வந்து தங்கியிருக்கும் அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

கேஸ் இருக்கிறது. குளிர் இருக்கிறது. அப்படியென்றால் காற்று வரும் வழியில்தான் ஏதோ அடைத்திருக்க வேண்டும். இதற்கு மெக்கானிக் எதற்கு?

செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்துக்கொண்டே, முழங்காலுக்கு எதிரே இருந்த பெட்டியை இரண்டு பக்கமும் அமுக்கினாள். அது வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. உள்ளே நீளமாக ஒரு மூடி. அதற்குள் ஃபில்டர்.

இழுத்தாள்.

போன மாதம் சர்வீசில் புதிதாகப் போட்டது. தூசி அவ்வளவாக இல்லை.

பூ இருந்தது.

செவ்வந்தி. ரோஜா. இதழ் இதழாகக் காய்ந்து கருத்து, ஃபில்டரின் மடிப்பெல்லாம் அப்பியிருந்தது. நடுவில் வெள்ளையாக ஏதோ சிக்கியிருந்தது. நகத்தால் நெம்பி எடுத்தாள்.

பொரி.

பூவையும் பொரியையும் ரோடு நெடுக இறைத்துக்கொண்டு போவது ஒரே ஓர் ஊர்வலத்தில்தான்.

அவன் கூடப்பிறந்த அண்ணன் சொக்கலிங்கத்தை எடுத்து இன்றோடு பன்னிரண்டு நாள்.

மாசமாக இருக்கிறவளின் புருசன் சாவுக்குப் போகக்கூடாது. சொன்னது அம்மா. அவன் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்துச் சத்தியம் வாங்கியது அவள். சொந்தத் தம்பி வரவில்லையே என்று ஊரே வாயில் போட்டு மென்றது. அன்றைக்கு ஆபீஸ் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினான். வந்ததும் வராததுமாகப் பின்புறக் குழாயடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டான். வெக்கை என்றான். அவளும் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

ஏமாற்றிவிட்டான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த நொடியே பிள்ளை ஞாபகம் வந்தது. கை தானாக வயிற்றுக்குப் போனது. அசைவு இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

விலா ஓரத்தில் ஓர் உதை விழுந்தது.

நேற்றும் உதைத்தது. முந்தாநாளும் உதைத்தது. பன்னிரண்டு நாளில் ஒரு நாள்கூட அது சும்மா இருந்ததில்லை.

“என்னட்டி, ஆச்சா?” அம்மா வாசலுக்கு வந்துவிட்டாள்.

அவள் கையை மூடிக்கொண்டாள்.

“சருகும்மா. வேப்பஞ்சருகு.”

அம்மா உள்ளே போனாள். பானெட் இறங்கியது. அவன் கையைத் துடைத்துக்கொண்டே கதவருகில் வந்து நின்றான்.

அவள் கையைத் திறந்து காட்டினாள்.

அவன் முகம் செத்துப்போயிற்று. என்ன வந்தாலும் வாங்கிக்கொள்கிறேன் என்பது போல நின்றான்.

“அண்ணன் மொகத்தப் பாத்தியளா?” என்று கேட்டாள்.

இல்லை என்று தலையசைத்தான்.

“வண்டிய விட்டு எறங்கவே இல்ல. கண்ணாடியக்கூட எறக்கல. ஏசியப் போட்டுக்கிட்டு பின்னாலயே போனேன். சுடுகாட்டு கேட்டு வரைக்கும்.”

இறங்காமல் இருந்தால் சத்தியம் தப்பாது என்று நினைத்திருக்கிறான் அந்த மனுசன். கண்ணாடியை ஏற்றிவிட்டால் தீட்டு உள்ளே வராது என்று. உள்ளே அடிக்கிற காற்று எங்கிருந்து வருகிறது என்று அவன் யோசிக்கவில்லை.

அந்தக் கண்ணாடியை ஏற்றியது அவனில்லை, அவள்தான்.

ஃபில்டரை மதில் ஓரம் கொண்டுபோய்த் தட்டி எடுத்துவந்தான். அவளே அதை உள்ளே தள்ளி மூடினாள். கையில் இருந்த இதழ்களை அவனிடம் கொடுக்கவில்லை. ஸ்கேன் பேப்பர் இருந்த கவருக்குள் போட்டுக்கொண்டாள்.

வண்டியைக் கிளப்பினான். ஜில்லென்று காற்று முகத்தில் அடித்தது. அம்மா வாசலில் நின்று கையசைத்தாள்.

ஆசுபத்திரிக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். அவன் இண்டிகேட்டரைப் போட்டான்.

“இடது பக்கம் விடுங்க. ஒங்க அண்ணன் வீட்டுக்குப் போயிட்டுப் போவோம்.”

அவன் அவளைப் பார்த்தான். பிறகு வயிற்றைப் பார்த்தான். ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தான்.

அந்த வீட்டு வாசலில் துக்கத்துக்குப் போட்ட பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. படியோரம் நாலைந்து ஜோடிச் செருப்புகள் கிடந்தன. எதிரே ஓரம் கட்டினான். இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவள் கை நீட்டி ஏசியை நிறுத்தினாள். தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள்.

வெக்கை உள்ளே வந்தது. ஊதுவத்தி வாசனையும் வந்தது. திறந்த கதவு வழியாக நடுவீட்டில் விளக்கும், விளக்குக்குப் பின்னால் மாலை போட்ட படமும் தெரிந்தன.

அவன் திரும்பிப் பார்த்தான்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முதலில் இறங்கியது அவள்.