ஜெர்மனிக்குச் சொன்ன புத்தி

சொந்தத்துல ஒரு பையன் வெளிநாடு கிளம்புனாப் போதும், உங்களுக்கெல்லாம் வாய் சும்மாவே இருக்காதே! காங்கேயம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டாத ஆளுகூட ஜெர்மனிக்குப் புத்தி சொல்லுவீங்க. என்ன சிரிப்பு? உங்களைத்தான்.

கணபதிங்கற ஊருல பூங்கொடி மகன் கவினுக்கும் அப்படித்தான் ஆளாளுக்குப் பாடம் எடுத்தாங்க. ஒம்பதாவது படிக்கறான். ஸ்கூல்ல இருந்து ஒரு மாசத்துக்கு அனுப்பியிருந்தாங்க. தங்கறதும் திங்கறதும் அங்க ஒரு ஜெர்மன்காரங்க ஊட்டுல.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவனோட மாமன் ஸ்ரீனிவாஸ் வந்தான். இஞ்சினியரிங்கைப் பாதியில விட்டவன், வாயை மட்டும் விடாதவன். உள்ள நுழைஞ்சா, அக்கா அழுதுட்டிருக்கா.

"வாடா. சாப்பிடறயா?"

"இப்பத்தானுங்க்கா சாப்ட்டுப்போட்டு வாரேன். ஏனுங்க அழுகறீங்க?"

அவ அதைக் காதுலயே வாங்காம தட்டுல மூணு தோசையை வச்சா. அவனும் மறுபேச்சு பேசாம உட்கார்ந்துட்டான்.

"கவினுக்குக் கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சுடா. ராத்திரியானா பட்டினியாம். அவங்கப்பா டிக்கெட்டை மாத்தறதுக்குப் போயிருக்காரு. நாளைக்கே கூட்டியாந்தர்றோம்."

"கஞ்சப்பயலுக! கப்பலாட்டம் காரு வச்சிருக்கானுக, ஒரு வாய் சோறு போட மனசில்ல. அவங்க புள்ளை நம்மூட்டுக்கு வந்தா இப்படி உடுவமா? இன்னொரு தோசை வைங்க்கா... அந்தம்மாளை நான் கேக்கறேன் பாருங்க, நாலு கேள்வி!"

வீடியோ கால் போட்டான். கவின் பக்கத்துலயே அந்த ஊட்டம்மா உட்கார்ந்திருந்தாங்க. ஸ்ரீனிவாஸ் வாயைத் தொறக்கறதுக்குள்ள அவங்க இங்கிலீஷ்ல ஆரம்பிச்சுட்டாங்க. கண்ணெல்லாம் கலங்கியிருந்துச்சு.

"என்னடா சொல்றாங்க?"

ஸ்ரீனிவாஸ் தமிழ்ல சொல்லச் சொல்ல, அவன் சத்தம் எறங்கிட்டே வந்துச்சு.

"ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டா, 'இப்பத்தான் சாப்ட்டேன்'ங்கறானாம். பையன் சொல்றது நெசம்னு நம்பிட்டாங்களாம். யூடியூப்பைப் பார்த்துச் சோறும் பருப்பும் ஆக்கிக்கூட வச்சாங்களாம். அதுக்கும் அதே பதிலாம். 'என் சமையல் புடிக்கலைன்னாப் பரவால்ல, எங்க சாப்பிடறான்னு மட்டும் சொல்லுங்க, அங்கிருந்தே வாங்கியாந்து குடுக்கறேன்'ங்கறாங்க."

பூங்கொடி போனைப் புடுங்குனா.

"ஏங்கண்ணு, பசிச்சாப் போய்ச் சாப்பிட வேண்டியதுதான?"

"ரெண்டாந்தடவை கூப்பிட்டாப் போலாம்னு இருந்தேனுங்ம்மா. யாருமே கூப்பிடலீங்க."

"இந்தக் கூத்தை எந்தக் கிறுக்கன்டா உனக்குச் சொல்லிக் குடுத்தான்?"

கவின் தலையைக் குனிஞ்சுட்டான். மாமனைக் காட்டிக் குடுக்கற பையனில்ல அவன்.

பூங்கொடி மெதுவாத் திரும்பித் தம்பி தட்டைப் பார்த்தா. சட்னிகூட மிச்சமில்ல.

"ஏன்டா, நீ நெசமாவே சாப்ட்டுப்போட்டுத்தான் வந்தயா?"

"இல்லீங்க்கா. காலைல இருந்து பட்டினி." ஸ்ரீனிவாஸ் தட்டைக் கீழ வச்சான். "ஏர்போர்ட்ல அவனைத் தனியாக் கூட்டிட்டுப் போய்ச் சொல்லிக் குடுத்தது நான்தானுங்க."