ஒரே ஒரு தடவை

ஸ்கூபா டைவரின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்த டாக்டரம்மா முகத்தைச் சுளித்தார்.

“சளியோட ஆழத்துக்கு இறங்கினா இப்படித்தான். அழுத்தம் தாங்காம ரெண்டு காதுலயும் சவ்வு கிழிஞ்சிருக்கு. ரெண்டு மாசத்துக்குக் கடல் பக்கமே போகக் கூடாது.”

டைவருக்கு எதுவும் சரியாகக் கேட்கவில்லை. மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள்தான் பேசினாள்.

“பஞ்சு வெச்சு அடைச்சுக்கிட்டு நாளைக்கு இறங்கலாமா?”

“உள்ள தண்ணி போனா தலை சுத்தும். மேல எது, கீழ எதுன்னே தெரியாது. உயிரோட திரும்ப மாட்டார்.”

“ஒரே ஒரு தடவை, டாக்டர்.”

இப்படியும் ஒரு கல்நெஞ்சக்காரியா என்று டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“புருஷனை விட அப்படி என்னம்மா இருக்கு அந்தக் கடல்ல?”

“எங்க பையன்,” என்றாள் அவள். “தேடப் போனவங்க எல்லாரும் நேத்தே கையை விரிச்சுட்டாங்க.”